தளிர் ஒப்புக்கொண்ட வயது

தளிரின் குரல் கோபமே வராத ஒரு பெண்ணின் குரல். குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் நடுவில் ஆளுயர பீரோ மாதிரி வெள்ளையாக நின்றுகொண்டு அந்த மருந்து இயந்திரம், "வணக்கம். நோயாளியின் கையை வைக்கவும்" என்று சொல்லும். குழந்தை மூச்சுத் திணறிக்கொண்டிருந்தாலும் அதே நிதானம்தான். இதயம் நின்றுபோனாலும் அதே நிதானம்தான்.

நர்ஸ் சுடர்விழிக்கு ஒரு காலத்தில் அந்தக் குரல் மிகவும் பிடித்திருந்தது. தளிர் வருவதற்கு முன்னால் அவசரம் என்றால் எல்லாமே கைக்கணக்கு. குழந்தை எத்தனை கிலோ, கிலோவுக்கு எவ்வளவு மருந்து, இந்தக் குப்பியில் ஒரு மில்லியில் எவ்வளவு இருக்கிறது என்று காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும். அப்படிப் போன குழந்தைகள் உண்டு.

தளிர் அதற்கு முடிவு கட்டியது. குழந்தையின் உள்ளங்கையை அதன் கண்ணாடியில் வைத்தால் போதும். மாநிலக் குழந்தைகள் பதிவகத்திலிருந்து பெயர், வயது, எடை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். அந்த எடைக்கு ஏற்றபடி மருந்தை நிரப்பி, பெயர் ஒட்டி, தட்டில் வரிசையாக சிரிஞ்சுகளை நீட்டும். சிரிஞ்சுக்குள் ஸ்பிரிங் உண்டு. ஒரு முறை அழுத்தினால் உள்ளே இருப்பது முழுவதும் போய்விடும், பாதியில் நிற்காது. பதற்றத்தில் கை தவறக்கூடாது என்று அப்படிச் செய்திருந்தார்கள். சுடர்விழியே நான்கு மாவட்டங்களுக்குப் போய் மற்ற நர்சுகளுக்கு அதைப் பழக்கிவிட்டு வந்தவள்.

அன்று மதியம் செவ்வந்தி என்ற பெண் தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். செங்கல் சூளையிலிருந்து நேராக வந்திருந்தாள். முழங்கை வரை செம்மண் காய்ந்திருந்தது. அந்த மண்ணோடு மகளின் முதுகைப் பிடித்திருந்ததால் சட்டையில் விரல்கள் அச்சாகப் பதிந்திருந்தன.

"காய்ச்சல்தான்னு இருந்தேன் சிஸ்டரம்மா. காலையில இருந்து கண்ணே தொறக்கல. மூச்சு எப்படி இழுக்குது பாருங்க."

சிறுமியின் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு நீலம். டாக்டர் இம்தியாஸ் ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு நிமிரக்கூட இல்லை.

"ரெண்டு நுரையீரலும் போயிருக்கு. பிரஷர் இறங்கிட்டே இருக்கு. ட்யூப் போட்டாகணும் சிஸ்டர். மருந்து எடுங்க."

இம்தியாஸ் சிறுமியின் முகத்தில் மாஸ்க்கை அழுத்தி, ஆம்பு பையைப் பிசைந்து காற்றைச் செலுத்த ஆரம்பித்தார். சுடர்விழி சிறுமியின் கையைத் தளிரின் கண்ணாடியில் வைத்தாள்.

"வணக்கம். ரோஷினி. வயது ஆறு. எடை இருபது கிலோ. மருந்துகள் தயாராகின்றன."

தட்டு நீண்டது. இதயத் துடிப்பு இறங்காமலிருக்க அட்ரோபின், மயக்கத்துக்குக் கெட்டமின், தசையைத் தளர்த்த ரோக்குரோனியம், தனியாகப் பிரஷரை ஏற்ற அட்ரீனலின். எல்லாவற்றிலும் ரோஷினி என்ற பெயர், இருபது கிலோ என்ற அச்சு.

சுடர்விழி சிறுமியைக் கட்டிலுக்கு மாற்றத் தூக்கினாள். தூக்கியதும் அவள் கை திடுக்கிட்டது. இருபது கிலோவைத் தூக்கத் தயாராக இருந்த கை, சட்டென்று மேலே வந்துவிட்டது. கட்டிலிலேயே எடைமானி உண்டு. பார்த்தாள். பன்னிரண்டு கிலோவும் கொஞ்சமும்.

"சார், நிறுத்துங்க. எடை தப்பு. பன்னெண்டுதான் இருக்கா."

"பன்னெண்டா? ஆறு வயசுக்கா?"

அவள் கட்டில் காட்டிய எடையைத் தளிருக்கு அனுப்பினாள்.

"இந்த எடை ஏற்கப்படவில்லை," என்றது தளிர். "எடைமானி பழுதாக இருக்கலாம். தொழில்நுட்பப் பிரிவைத் தொடர்புகொள்ளவும். பதிவிலுள்ள எடை: இருபது கிலோ."

"கட்டில் பழுதுன்னு சொல்லுதே சிஸ்டர்."

"பையை என்கிட்ட குடுங்க. நீங்க ஒரு தடவை தூக்கிப் பாருங்க சார்."

இம்தியாஸ் குனிந்து ரோஷினியின் முதுகுக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்தார். அந்த ஒரு கையே போதுமாக இருந்தது. அவர் முகம் மாறியது.

"யா அல்லா. பாதிக்குக் கொஞ்சம் மேல. அவ்வளவுதான்."

"இந்தக் கெட்டமின் முழுசா போனா, இருக்கிற பிரஷரும் விழுந்துடும். அட்ரீனலினும் அதே மாதிரி கூடுதலாத்தான் இருக்கு. பாதியில நிறுத்தவும் முடியாது, ஸ்பிரிங்."

"தனிக் குப்பி?"

"எல்லாத்தையும் இதுக்குள்ள வச்சுப் பூட்டி ரெண்டு வருஷம் ஆச்சு. மருந்துக் கிடங்குல கேட்டா அங்கயும் தளிர்தான்."

ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த மானிட்டரின் சுருதி ஒவ்வொரு படியாகக் கீழே போகும்போது எவ்வளவு நேரம் மிச்சம் என்று அந்த அறையில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும்.

சுடர்விழிக்கு ஒரு வழி தோன்றியது. ஊர் பேர் தெரியாமல், விபத்தில் கிடந்து வரும் குழந்தைகளுக்கு என்று தளிரில் ஒரு பக்கம் உண்டு. கைரேகை வேண்டாம். பார்த்து வயதை உத்தேசமாகச் சொன்னால், அந்த வயதுக்குரிய எடைக்கு மருந்து தரும். ஆனால் இந்தக் கட்டிலில் ரோஷினி இருக்கும்வரை இன்னொரு குழந்தையைத் தளிர் ஏற்காது. முதலில் பதிவிலிருந்து இவளை வெளியேற்ற வேண்டும்.

"வெளியேற்றக் காரணம்?" என்று தளிர் கேட்டது.

குணமடைந்தார் என்றால் டாக்டரின் அறிக்கை வேண்டும். வேறு மருத்துவமனைக்கு மாற்றம் என்றால் அந்த மருத்துவமனையின் சம்மதம் வேண்டும். எதுவும் கேட்காதது ஒன்றே ஒன்றுதான். சுடர்விழி அதை அழுத்தினாள்.

"ரோஷினி. வயது ஆறு. இறப்பு பதிவு செய்யப்பட்டது," என்றது தளிர், எல்லோருக்கும் கேட்கும்படி. "குடும்பத்தாருக்கு ஆழ்ந்த இரங்கல்."

கதவோரம் நின்றிருந்த செவ்வந்தி அலறினாள். அந்த அலறலுக்கு வார்த்தை கிடையாது. பாய்ந்து வந்து சுடர்விழியின் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"சாகல! உங்க பொண்ணு சாகல! நான்தான் இந்த மெஷின்கிட்ட பொய் சொன்னேன்!" என்றாள் சுடர்விழி.

"செத்துட்டான்னு சொல்லுதே! மூச்சு விடறாளே, செத்துட்டான்னு சொல்லுதே!"

"மூச்சு விடறா இல்ல? அதைப் பாருங்க. அதை மட்டும் பாருங்க."

சுடர்விழி புதிய பக்கத்தைத் திறந்து, வாய்விட்டுச் சொல்லிப் பதிந்தாள். அடையாளம் தெரியாத குழந்தை. பெண். உத்தேச வயது: இரண்டு.

"ரெண்டா?" செவ்வந்தி திரும்பவும் கத்தினாள். "அவளுக்கு ஆறு வயசு! ரோஷினி அவ பேரு! யாரோ பெத்துப் போட்ட புள்ளன்னு எழுதுறீங்களா? நான் இங்க கல்லு மாதிரி நிக்கிறேன்!"

"வணக்கம். எடை பன்னிரண்டு கிலோ. மருந்துகள் தயாராகின்றன," என்றது தளிர்.

தட்டு நீண்டது. சுடர்விழி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழுத்தினாள். கெட்டமின் போனது. ரோக்குரோனியம் போனது. விலாக்களின் போராட்டம் நின்று சிறுமியின் உடல் துணி மாதிரி ஆனது. இம்தியாஸ் வாயைத் திறந்து, நாக்கை ஒதுக்கி, ட்யூபைச் செலுத்தினார். பிரஷர் ஒரு முறை கீழே போனது. சுடர்விழி அட்ரீனலினை அழுத்தினாள். ஏறியது. உதட்டின் நீலம் மெதுவாகக் கலைந்தது.

செவ்வந்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவ பேர மாத்தி எழுதுவீங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

"கண்டிப்பா," என்றாள் சுடர்விழி.

ரோஷினி வென்டிலேட்டரில் நிலைப்பட்டதும், டாக்டர்கள் அறையில் இம்தியாஸ் சுடர்விழிக்கும் சேர்த்து டீ ஊற்றினார். இருவருமே குடிக்கவில்லை.

"எடைமானி பழுதுன்னு ஏன் சார் சொல்லுது? கட்டில் நல்லாத்தான் இருக்கு."

"போன வருஷம் விழா எடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? எடை குறைஞ்ச குழந்தையே இல்லாத மாநிலம்னு. ஊர் ஊரா வளைவு வச்சாங்க."

"ஆமா. இங்க கூட கேக் வெட்டினாங்க."

"அப்படி அறிவிச்சதுக்கு அப்புறம் ஒரு எடை குறைஞ்ச குழந்தை பதிவுக்குள்ள வந்தா என்ன ஆகும்? அறிவிப்பு பொய்யாயிடும். அதனால பதிவகத்துல ஒரு கோடு போட்டுட்டாங்க. அந்த வயசுக்கு இவ்வளவு கிலோவுக்குக் கீழே வந்தா அது குழந்தையோட குறை இல்ல, தராசோட குறை. அங்கன்வாடியில நிறுத்தாலும் அப்படித்தான். தராசு பழுது, சராசரி எடையைப் போட்டுக்கோன்னு வரும்."

"குழந்தை பசியில கிடக்கு. தராசுக்கு மெக்கானிக் வருவான்."

"அதேதான்."

சுடர்விழி டம்ளரைக் கீழே வைத்தாள். "போன மாசம் அதே கட்டில்ல ஒரு பையன் வந்தானே. நாலு வயசு. காலெல்லாம் குச்சி மாதிரி. ட்யூப் போட மருந்து குடுத்ததும் இதயம் நின்னுச்சே."

இம்தியாஸ் தன் டம்ளரையும் தள்ளி வைத்தார்.

"அவனைக் கட்டில்ல தூக்கிப் போட்டது ஆர்டர்லி. நான் தூக்கல. நான் தூக்கியிருந்தா..." அவள் குரல் உயர்ந்தது. "நோய் முத்தி வந்துட்டான்னு அவங்க அப்பாகிட்ட சொன்னோம் சார். அவரும் நம்பிட்டு, நம்மளைக் கும்பிட்டுட்டுப் போனார். நம்ம கையால ஊசியைக் குடுத்து, நம்ம கையால அழுத்த வச்சிருக்காங்க!"

அவள் மேசையைத் தட்டினாள். வெளியே இருந்த ஆர்டர்லி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

அன்றே இருவரும் புகார் அனுப்பினார்கள். ஒளித்து எழுதவில்லை. உயிரோடு இருந்த குழந்தையை இறந்ததாகப் பதிந்ததையும், வயதைப் பொய்யாகச் சொன்னதையும் சுடர்விழி தன் பெயரிலேயே எழுதினாள். வேலை போகும் என்றுதான் நினைத்தாள். போனால் போகட்டும், விசாரணை என்று வந்தால் நான்கு பேர் முன்னால் அந்தக் கோட்டைப் பற்றிப் பேசலாம்.

தலைநகரிலிருந்து வந்தவர் பெயர் ஹரிபிரசாத். பதிவகத்தின் இணை இயக்குநர். அதட்டுவார் என்று எதிர்பார்த்த ஆள் சிரித்த முகமாக வந்தார். கண்காணிப்பாளர் அறையில் அவளை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் தான் உட்கார்ந்தார்.

"சிஸ்டர், பேரைத் திருத்த நீங்க அப்புறமா அவ கையைப் பதிஞ்சீங்க இல்ல, ஒரே உள்ளங்கை. இறந்துபோன ஆறு வயசுப் பொண்ணுக்கும் அதே கை, உயிரோட இருக்கிற ரெண்டு வயசுப் பொண்ணுக்கும் அதே கை. எங்க ஆபீஸே ஆடிப்போச்சு. அப்புறம்தான் உங்க கடிதத்தைப் படிச்சேன்."

"என்ன நடவடிக்கைன்னாலும் எடுங்க சார். ஆனா அந்தக் கோடு..."

"நடவடிக்கையா?" அவர் கையை வீசினார். "நீங்க ஒரு குழந்தையைக் காப்பாத்தியிருக்கீங்க. இறப்புப் பதிவை நானே ரத்து பண்ணிட்டேன். எடைப் பிரச்சினையையும் சரி பண்றோம். இனிமே கட்டில் என்ன காட்டுதோ அதைத்தான் தளிர் எடுத்துக்கும். தராசு பழுதுன்னு ஒரு தடவை கூடச் சொல்லாது. இது என் வாக்கு."

"மாநிலம் முழுக்கவா?"

"மாநிலம் முழுக்க."

சுடர்விழி எழுந்து கும்பிட்டாள். இவ்வளவு சுலபமாகவா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. ஆனால் மறு வாரமே தளிர் மாறிவிட்டது. பதினோரு கிலோ என்றால் பதினோரு கிலோ, ஒன்பது என்றால் ஒன்பது. அவர்கள் கவனித்ததும் எடையை மட்டும்தான். முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டு சரியான அளவில் மருந்தை நீட்டியது. மூச்சுக்கு ட்யூப் போட்ட எந்தக் குழந்தைக்கும் அதற்குப் பிறகு மருந்தால் இதயம் நிற்கவில்லை. இம்தியாஸ் ஒருநாள் பிரியாணி கொண்டுவந்தார்.

ரோஷினியும் பிழைத்தாள். ட்யூபை எடுத்த அன்று தொண்டை கரகரக்க முதலில் கேட்டது ஸ்கூல் பொங்கல். காலையில் பள்ளிக்கூடத்தில் போடுவார்களாம், மதியம் முட்டையும் உண்டாம். "லீவு நாள்ல அதுதான் நெனப்பு இவளுக்கு," என்றாள் செவ்வந்தி வெட்கத்தோடு. சூளையில் பருவ வேலை. மழை பிடித்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரிவதே அபூர்வம் என்பதை அவள் சொல்லாமலே சுடர்விழி புரிந்துகொண்டாள்.

வீட்டுக்குப் போன ரோஷினி மறுபரிசோதனைக்கு அதே பிரிவுக்கு வந்தது ஒரு மழைக்கால முற்பகலில். செவ்வந்தி அவளை இடுப்பில் வைத்திருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"சிஸ்டரம்மா, பேர மாத்தி எழுதிட்டீங்க. வயச ஏன் மாத்தல?"

"என்ன சொல்றீங்க?"

"ஸ்கூல்ல உள்ள விட மாட்டேங்கிறாங்க. வாசல்ல இருக்கிற மெஷின்ல கை வச்சா ரெண்டு வயசுன்னு வருது. ரெண்டு வயசுப் புள்ளய ஒண்ணாங் கிளாஸ்ல உக்கார வைக்க முடியாதுன்னு டீச்சர் சொல்லுது. அந்தம்மா மேல தப்பு இல்ல, அதுவும் அழுவுது. பேரு ஏறலன்னா சோறும் இல்ல. அங்கன்வாடிக்குப் போன்னு அனுப்பி வச்சாங்க. அங்க ரெண்டு வயசுக்கு மாவுப் பாக்கெட்டு ஒண்ணு குடுத்தாங்க. கஞ்சி காச்சி ஊத்துன்னு."

"எனக்கு ஆறு வயசு," என்றாள் ரோஷினி, யாரும் கேட்காமலே. "அனிதா, வேல்முருகன் எல்லாம் எங்க கிளாசு. அவங்க மட்டும் போறாங்க." பேசும்போது வாயில் முன்பல் இரண்டும் விழுந்து, புதுப்பல் ஒன்று ரம்பம் மாதிரி முளைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

சுடர்விழி அங்கேயே ஹரிபிரசாத்தைப் போனில் பிடித்தாள். இம்தியாஸும் பக்கத்தில் வந்து நின்றார். திரையில் அதே சிரித்த முகம்.

"சார், ரோஷினி பதிவுல வயசு ரெண்டுன்னே இருக்கு. நீங்க திருத்தல."

"திருத்த வேண்டியதில்ல சிஸ்டர். அதுதான் இப்ப முறை."

"எது முறை?"

"உங்க முறைதாங்க!" அவர் உண்மையாகவே பெருமையாகச் சொன்னார். "எங்க என்ஜினியர்கள் ஒரு வருஷம் மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. எடையை ஏத்துக்கிட்டா குறைபாடுன்னு வரும், அறிவிப்பு போயிடும். ஏத்துக்கலேன்னா மருந்து கூடிப்போயி குழந்தை சாகும். ரெண்டும் ஆகாது. நீங்க ஒரே நிமிஷத்துல வழி காட்டிட்டீங்க. எடையைத் தொடாதே, வயசைக் குறை. பன்னெண்டு கிலோ இருக்கிற பொண்ணு ரெண்டு வயசுன்னா அவ ஆரோக்கியமான குழந்தை. மருந்தும் சரி, பதிவும் சரி. விருதுக்கு உங்க பேரை எழுதி அனுப்பியிருக்கேன்."

சுடர்விழி திரும்பி ரோஷினியைப் பார்த்தாள். இம்தியாஸ்தான் கேட்டார்.

"எல்லாக் குழந்தைகளுக்குமா இப்படி?"

"கோட்டுக்குக் கீழே வந்தவங்களுக்கு மட்டும் டாக்டர். போன வாரம்தான் மொத்தமா மாத்தி முடிச்சோம். தானாவே சரியாயிடும்."

"அவளுக்குப் புதுப்பல் முளைக்குது சார்!" என்று கத்தினாள் சுடர்விழி. "ரெண்டு வயசுல எந்தப் பிள்ளைக்குப் பால்பல் விழும்? உங்க வீட்டுல பிள்ளைங்க இல்லையா?"

"கோபப்படாதீங்க சிஸ்டர். குழந்தை உயிரோட இருக்கு இல்ல? அதுதானே நீங்க கேட்டீங்க?"

"உயிரோட இருக்கா. நாலு வருஷத்தைக் காணோம்! அந்த நாலு வருஷம் அவ பட்டினி கிடந்த வருஷம் சார். அதைத்தான் நீங்க அழிச்சிருக்கீங்க. சாவ விடக்கூடாதுன்னு நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யை எடுத்து நீங்க சட்டமா ஆக்கிட்டீங்க."

அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "திருத்தம் வேணும்னா அதுக்கும் வழி இருக்கு. எடை கூடினா வயசும் தானா ஏறும். இருபது கிலோ வரட்டும், ஆறு வயசுன்னு காட்டும். நல்லாச் சாப்பிட வைக்கச் சொல்லுங்க."

செவ்வந்தி ரோஷினியை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள். இப்போது போனுக்கு முன்னால் வந்தாள்.

"ஐயா, சோறு தின்னா வயசு ஏறும்னு சொல்றீங்க. வயசு இருந்தாத்தான் ஸ்கூல்ல சோறு போடுவாங்க. நான் எதை மொதல்ல வாங்கிட்டு வரட்டும்?"

ஹரிபிரசாத் திரைக்கு வெளியே யாரையோ பார்த்தார். கூட்டம் ஒன்று இருப்பதாகச் சொன்னார். திரை இருண்டது.

செய்ய வந்த வேலையைச் செய்வோம் என்பது போல இம்தியாஸ் ரோஷினியின் நெஞ்சைச் சோதித்தார். நுரையீரல் தெளிந்திருந்தது. "எடை பாத்துடலாம் சிஸ்டர்," என்றார் மெதுவாக.

ரோஷினி தானே போய் எடைமானியில் ஏறி நின்றாள். காலைச் சேர்த்து, பள்ளிக்கூடத்தில் நிற்பது மாதிரி விறைப்பாக நின்றாள். பதினோரு கிலோ. மருத்துவமனையில் இருந்தபோது இருந்ததைவிட ஒரு கிலோவுக்கு மேல் குறைவு.

"வணக்கம், ரோஷினி," என்றது பிரிவின் நடுவில் நின்ற தளிர், அதே நிதானத்தில். "பதிவு புதுப்பிக்கப்பட்டது. வயது: ஒரு வருடம் பத்து மாதம். ஆரோக்கியமான வளர்ச்சி. வாழ்த்துகள்."

ரோஷினி நிமிர்ந்து சுடர்விழியைப் பார்த்தாள். "இப்ப எனக்கு ஒரு வயசா?"

சுடர்விழி அவளைத் தூக்கினாள். தளிரை உடைக்க வேண்டும் போல இருந்தது. மூலையில் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கும் இரும்புச் சாவி கிடந்தது, அவள் பார்வை அதன் மேல் போனது. அடுத்த கட்டிலில் ஒரு கைக்குழந்தை வென்டிலேட்டரில் இருந்தது. இன்று மாலைக்குள் அதற்கு மருந்து தேவைப்படலாம், அதைத் தளிர்தான் தர வேண்டும், சரியாகவும் தரும். அந்த நினைப்பில் அவள் கோபம் இரண்டு மடங்கானது. உடைக்கக்கூட முடியாதபடி செய்து வைத்திருக்கிறார்கள்.

அவள் ரோஷினியைத் தூக்கிக்கொண்டே வெளியே நடந்தாள்.

"சிஸ்டர், எங்கே?" என்றார் இம்தியாஸ். அவள் நிற்கவில்லை. அவர் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்போடு பின்னால் வந்தார். செவ்வந்தியும் ஓடிவந்தாள்.

புறநோயாளிகள் கூடம் நிரம்பி வழிந்தது. மழைக்காலம். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு. பெஞ்சுகளில் இடமில்லாமல் தாய்மார்கள் தரையில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். சுடர்விழி மருந்துச் சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றாள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. உங்க போன்ல பிள்ளையோட தளிர் அட்டை, அதான் பேரு, வயசு, எடை காட்டுமே, அது இருக்கு இல்ல? அதைத் திறங்க. உங்க பிள்ளைக்கு என்ன வயசுன்னு போட்டிருக்குன்னு பாருங்க."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. நர்சுக்கு என்ன ஆயிற்று என்பது போல் சிலர் பார்த்தார்கள். தூணருகே இருந்த ஒரு பெண் மட்டும் போனை எடுத்தாள். பார்த்தாள். கண்ணருகே கொண்டுபோய் மறுபடி பார்த்தாள்.

"இது தப்பா இருக்கே. எம்புள்ள மூணாவது படிக்கிறான். இதுல நாலு வயசுன்னு போட்டிருக்கு."

"எனக்கும் பாருங்கக்கா," என்று பக்கத்தில் இருந்தவள் போனை நீட்டினாள். "இவ அஞ்சு. ரெண்டுன்னு காட்டுது."

"என் பேத்திக்குச் சரியாத்தானே இருக்கு?"

"உங்க பேத்தி நல்லா கொழுகொழுன்னு இருக்காளே பெரியம்மா."

பெண்கள் பேத்தியைப் பார்த்தார்கள். பிறகு தங்கள் மடியில் கிடந்த பிள்ளைகளைப் பார்த்தார்கள். போன்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒரு மூலையிலிருந்து, "ஐயோ, ஒன்பது வயசுப் புள்ளைய..." என்று ஒரு குரல் எழுந்தது. அதன் மேல் இன்னொரு குரல், அதற்கும் மேல் இன்னொன்று.

காவலாளி ஓடிவந்தார். "சிஸ்டர், சத்தம் போடக் கூடாது. மேல கண்காணிப்பாளர் மீட்டிங்ல இருக்காங்க."

"தெரியும்," என்றாள் சுடர்விழி. "அங்கேதான் போறோம்."

அவள் ரோஷினியோடு படியேறினாள். இம்தியாஸ் அவளுக்குப் பக்கத்தில் ஏறினார். செவ்வந்தி திரும்பிக் கூடத்தைப் பார்த்துக் கையைக் காட்டினாள். "வாங்கம்மா. புள்ளைங்களத் தூக்கிட்டு வாங்க."

முதலில் மூணாவது படிக்கிறவனின் தாய் எழுந்தாள். பிறகு அவள் பக்கத்தில் இருந்தவள். படி நிறைந்துவிட்டது. ஒன்பது வயது, எட்டு வயது, ஏழு வயது. இடுப்பில் தூக்கி வைக்கும் வயதைத் தாண்டி வெகுநாள் ஆன பிள்ளைகள். ஒருத்திக்கும் மூச்சு வாங்கவில்லை. எல்லோராலும் தூக்க முடிந்தது.